மடியில் வைத்துக்கொண்டு வந்த மருந்து பாட்டில்

காலி பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஜீப்பின் பின்பக்கம் உட்கார்ந்திருந்தேன். காப்பிச் செடிக்கு அடிக்கிற பூச்சிமருந்து பாட்டில். எங்கள் எஸ்டேட்டில் யாருக்காவது மருந்து ஏறிவிட்டால் ஆளோடு பாட்டிலையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது வழக்கம். லேபிளைப் பார்த்துத்தான் டாக்டர் வைத்தியம் பார்ப்பார். ஆனால் அன்று மாமாவுக்கு மருந்து ஏறவில்லை.

மாமா என் அக்காவின் புருஷன். எஸ்டேட்டில் மருந்தடிக்கிறவர். சில மாதமாகக் கஞ்சா. முதலில் வேலை முடிந்து, பிறகு விடிந்ததுமே. "அலுப்புக்குத்தான் மாப்ள. அலுப்பு என்னைய உட்டாக்கா நானும் அத உட்டுருவேன்" என்பார், நாங்களும் சிரித்துவிடுவோம். அன்று காலை தோட்டத்தில், சில்வர் ஓக் மரங்கள் தன் பேரைச் சொல்லிக் கூப்பிடுவதாக அலறினார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். அக்காவையே யாரென்று கேட்டார்.

சேலத்துக்கு இறங்கும் வளைவுகளில் அக்கா எனக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தாள். "காத்து மாறி அடிச்சு மருந்து மூக்குல ஏறிருச்சுன்னு சொல்லோணுஞ் சாமி. கஞ்சான்னு வாயத் தொறந்தீன்னா வேலையும் போயிரும், எஸ்டேட்டு ஊடும் போயிரும். ரெண்டு புள்ளைகள எங்க கொண்டு போயி வெப்பேன்?" எனக்கு அப்போது இருபது வயசு. சரி என்றேன்.

ஆஸ்பத்திரியில் பாட்டிலைக் கண்டதும் எல்லாம் வேகமாக நடந்தது. மாமாவின் கைகளைக் கட்டிலோடு கட்டினார்கள். டாக்டர் லேபிளைப் படித்துவிட்டு விஷத்தை முறிக்கிற ஊசி போடச் சொன்னார். ஊசியோடு வந்த சிஸ்டரம்மா, குள்ளமான வயசான மனுஷி, மாமாவின் வாயைத் திறந்து பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். "ஏனுங்க டாக்டர், இந்த மருந்து ஏறுனா எச்சி தண்ணியா ஊத்தோணும். இவருக்கு நாக்கு காஞ்சு ஒட்டிக் கெடக்குதுங்க." பிறகு என் பக்கம் திரும்பினார். "கண்ணு, நான் போலீசு இல்ல. உங்க எஸ்டேட்டுக்குக் கடுதாசி போடறவளும் இல்ல. இந்த ஊசி தப்பா எறங்குனா இவரு நெஞ்சு தாங்காது. போடட்டுமா, வேண்டாமா? அத மட்டும் சொல்லு."

அக்கா பின்னாலிருந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். வியர்வையில் பாட்டில் வழுக்கியது.

"வேண்டாமுங்க. கஞ்சாங்க."

வேறு ஊசி போட்டார்கள். மாமா அடங்கும்வரை சிஸ்டரம்மா அவர் காதோரம் குனிந்து சொல்லிக்கொண்டே இருந்தார்: "மலையேறுன பஸ்ஸு எறங்கறாப்ல எறங்கிரும் சாமி, மெதுவா எறங்கிரும்." எனக்கும் சேர்த்துத்தான் சொன்னார் என்று நினைத்துக்கொள்வேன்.

மனநல வார்டில் பல நாள் இருந்து மாமா திரும்பினார். வேலை போனது, வீடும் போனது. நான் சொன்னதாலா, தோட்டத்தில் பத்துப் பேர் பார்த்ததாலா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அக்காவுக்கு அதில் சந்தேகமே இல்லை. மலையிலேயே பக்கத்துக் கிளியூரில் குடியேறினாள். அதற்குப் பிறகு வருஷக்கணக்காக என்னோடு பேச்சு இல்லை. மாமா செத்தபோதுகூட, யாரோ கேட்டதற்கு, "மருந்து ஏறுன ஒடம்புங்க அது" என்றுதான் சொன்னாள்.

போன மாதம் அவளே போன் பண்ணினாள். காலேஜ் படிக்கிற பேரன் கதவைச் சாத்திக்கொண்டு சுவரோடு பேசுகிறானாம். காரை எடுத்துக்கொண்டு ஓடினேன். இந்தத் தடவை என்ன சொல்லச் சொல்வாளோ என்றுதான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனேன். பேரனைப் பின் சீட்டில் ஏற்றிவிட்டு அக்காவும் பக்கத்தில் உட்கார்ந்தாள். மடியில் ஒரு காகிதப் பொட்டலம். அவன் பேன்ட் பையில் கிடைத்ததாம்.

"டாக்டரு கேப்பாங்கல்லடா தம்பி" என்றாள்.

சேலம் வரைக்கும் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தாள்.