பாலத்துக்குள் மாமா

என் மாமா குழாய் பழுது பார்ப்பவர். பொம்மை ரயில் பிரியர்களுக்காக இணையத்தில் ஒரு குழு நடத்துகிறார். அங்கே ரயிலைத் தவிர வேறு பேச்சு கூடாது. காலை வணக்கம் சொன்னவரைக்கூட நீக்கியிருக்கிறார். வீட்டில் முதல் பட்டதாரி என்பதால், தவறான பதிவுகளை அழிக்கும் பொறுப்பை எனக்குக் கொடுத்தார். பட்டத்துக்குக் கிடைத்த ஒரே வேலை அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை, அறையைச் சுற்றிவரும் ரயில் மேஜையின் நடுவே நின்றுகொண்டு, மூன்று மாதம் செதுக்கிய பாலத்தைக் கடைசி இடைவெளியில் பசை போட்டு ஒட்டினார். பிறகுதான் தெரிந்தது, அவர் உள்ளே இருக்கிறார். முழங்கால் வலியால் மேஜைக்கு அடியில் குனிந்து வெளியே வர முடியாது. அடுப்படியிலிருக்கும் அத்தையைக் கூப்பிட்டால் மானம் போய்விடும்.

"மாட்டிக்கிட்டேன், யாராவது வாங்க" என்று குழுவில் எழுதினார். சொந்தக் கதை என்று நான் அழித்துவிட்டேன்.

மறுபடி எழுதினார்: "பாலத்தை ஒட்டின பிறகு உள்ளே ஆள் இருந்தா?"

"எந்த அளவு ஆள்? சின்னதுன்னா இடுக்கியால எடுங்க" என்றார் ஒருவர்.

"எண்பது கிலோ."

"எடைக் கதையெல்லாம் எதுக்கு? தலைப்புக்கு வாங்க!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. படித்து என்ன கிழித்தேன் என்று என்னையே திட்டிக்கொண்டு மாமாவிடம் ஓடினேன்.

"என் பதிவை ஏன்டா அழிச்சே?"

"நீங்க போட்ட சட்டம்தானே மாமா?"

கொஞ்சம் யோசித்தார். "சரியாத்தான் செஞ்சிருக்கே, மாப்ளே."

ரம்பத்தை எடுத்தேன். "பாலத்தை அறுக்கட்டுமா?"

அவர் கண் கலங்கியது. "அறு. முதல்ல ஒரு படம் எடு, குழுவுல போடணும். என் மூஞ்சி மட்டும் வரக் கூடாது. அது தலைப்புக்கு வெளியே."