பூரட்டாதி மூன்றாம் பாதம்

என் கணவரின் கருமாதி முடிந்த மறுநாள் காலையில் உறவினர்களின் பைகள் ஒவ்வொன்றாக வாசலுக்கு வந்தன. நாத்தனாரின் நீலப் பெட்டி மட்டும் வரவில்லை. கீழே ஆட்டோக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். மறந்துவிட்டாரோ என்று உள்ளே போய்த் தேடினால், பெட்டி என் கட்டிலுக்கு அடியில் பத்திரமாக இருந்தது. என் கணவரின் அக்காவான அவர் சமையலறையில் என் டப்பாக்களைத் திறந்து ஒவ்வொன்றாக மோந்து பார்த்துக்கொண்டிருந்தார். "நீ மீன ராசி. தண்ணி ராசி. தனியா வுட்டா கலங்கிப் பூடுவ. நான் இருக்கறேன்" என்றார். இருக்கட்டுமா என்று ஒரு கேள்விக்குறிகூட அதில் இல்லை. மிளகாய்த்தூளில் வண்டு வைத்திருக்கிறது என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிட்டுக் கீழே போய் ஆட்டோவை அனுப்பிவிட்டார்.

எனக்குத் துக்கம் இல்லாமல் இல்லை. ஆனால் என் துக்கத்துக்கு ஆள் துணை தேவைப்படவில்லை. நான் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கிறவள். காலையிலிருந்து சாயங்காலம் வரை பேச்சுதான், கத்தல்தான். என் கணவர் அதிகம் பேசாதவர். எங்களுக்குப் பிள்ளை இல்லை. சாயங்காலம் உப்பளம் பகுதியில் எங்கள் இரண்டாம் மாடி வீட்டின் பால்கனியில் ஆளுக்கொரு நாற்காலியில் உட்கார்ந்திருப்போம். பழைய துறைமுகத்துப் பக்கமிருந்து காற்று வரும். இருட்டும் வரை இரண்டே வார்த்தை பேசிக்கொண்டால் அதிகம். அவர் போன பிறகு அந்த அமைதியாவது எனக்கு மிஞ்சும் என்று நினைத்திருந்தேன். நம் ஊரில் ஒரு பெண் தனியாக இருக்கிறாள் என்றால் அது ஒரு வியாதி. "ஐயோ, தனியாவா?" என்று கேட்பவர்களின் முகத்தைப் பார்த்தால் நமக்கே ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று தோன்றிவிடும். தனியாக இருப்பது பிடித்திருக்கிறது என்று சொன்னால் வியாதி முற்றிவிட்டது என்பார்கள்.

நாத்தனாருக்கு உலகத்தில் மனிதர்களே கிடையாது, பன்னிரண்டு ராசிகள்தான் உண்டு. சிலிண்டர் கொண்டுவருபவரிடம் மூச்சு வாங்க நேரம் கொடுக்காமல் ராசியைக் கேட்பார். மாடிவீட்டுக்காரர் தண்ணீர் மோட்டாருக்காகச் சண்டை போட்டால், "சிம்மம், அப்படித்தான் உறுமும்" என்று மன்னித்துவிடுவார். என் தலைமையாசிரியையை அவர் பார்த்ததே இல்லை, ஆனாலும் ரிஷபம் என்று முடிவு கட்டி, "முட்டாத, ஒதுங்கிப் போ" என்று எனக்குப் புத்தி சொல்லி அனுப்புவார். எனக்கும் அவருக்கும் ஒரே ராசி என்பதில் அவருக்குத் தாங்க முடியாத பெருமை. "நீ ரேவதி, நான் பூரட்டாதி நாலாம் பாதம். ரெண்டும் மீனம். ஒரு கொளத்து மீனுங்க, அதான் ஒத்துப் போவுது" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். ஒத்துப்போவது யார், யாருக்கு ஒத்துப்போவது என்று அந்தக் குளத்தைத்தான் கேட்க வேண்டும்.

பால்கனியில் என் கணவரின் நாற்காலி நாத்தனாருடையதாயிற்று. நான் புத்தகத்தைத் திறந்தால் அவருக்குக் கதை ஞாபகம் வரும். கண்ணை மூடினால் தலைவலியா என்று தைலத்தோடு வருவார். குளியலறை ஒன்றுதான் மிச்சம் என்று நினைத்தேன். கதவுக்கு வெளியே முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, "சத்தத்தையே காணோமே, இன்னா பண்ற?" என்று ஆரம்பித்தார். தண்ணீரைச் சத்தமாக ஊற்றிக்கொண்டே பதில் சொல்ல வேண்டியதாயிற்று. ஒருமுறை விழுப்புரத்துப் பக்கம் ஒரு கல்யாணத்துக்கு மூன்று நாள் போவதாக இருந்தார். அந்த மூன்று நாளுக்காக நான் மாதக்கணக்கில் காத்திருந்தேன், படிக்க வேண்டிய புத்தகங்களைத் தனியாக எடுத்துக்கூட வைத்தாயிற்று. கிளம்புகிற அன்று காலைப் பேப்பரில் மீன ராசிக்குப் போட்டிருந்த பலன்: "தனிமை வாட்டும்." பெட்டி திரும்பவும் கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. "பாத்தியா, உனக்குத்தான் போட்டுக்கீறான்" என்றார். எனக்கு அந்தப் பலனை எழுதியவனைத் தேடிப்போய்ச் சண்டை பிடிக்க வேண்டும் போலிருந்தது. வாட்டட்டும் ஐயா, ஒரு நாளாவது வாட்டித் தொலைக்கட்டும்!

நேராகச் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். எப்படிச் சொல்வது? தம்பி செத்த வீட்டிலிருந்து அக்காவை விரட்டிவிட்டாள் என்ற பேச்சு மறுநாளே கடலூர் வரைக்கும் போயிருக்கும். பெங்களூரில் அவருக்கு ஒரு மகன் உண்டு. மகனும் மருமகளும் காலையில் வேலைக்குப் போனால் ராத்திரிதான் வருவார்கள். "அங்க செவுத்தப் பாத்துக்கினு ஒக்காந்திருக்கணும்" என்று எப்போதோ ஒருதரம் சொன்னார். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்குச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் சொர்க்கமாயிற்றே.

இப்படியே வருடங்கள் ஓடின. பிறகு சனிப்பெயர்ச்சி வந்தது. முத்தியால்பேட்டையில் அவர் நம்பும் ஜோசியர் ஒருவர் இருந்தார். என்னையும் இழுத்துக்கொண்டு போனார். ஜோசியர் இருவரின் ராசி, நட்சத்திரம், பாதம் எல்லாம் கேட்டார், கட்டத்தைப் போட்டார், கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "மீனத்துக்கு ஏழரை ஆரம்பிக்குதும்மா. ஒரே வூட்ல ரெண்டு மீனம் ஆவாது. ஏழரை முடியற வரைக்கும் ஒரு கூரைக்குக் கீழ இருக்காதீங்க, ரெண்டு பேருக்கும் கஷ்டம்." இது புதிதாகக் கேள்விப்படுகிற சங்கதி அல்ல. அப்பாவுக்கும் பிள்ளைக்கும் ஒரே ராசி என்பதற்காகப் பிள்ளையை ஹாஸ்டலில் போட்ட வீடுகள் எங்கள் தெருவிலேயே உண்டு. இதற்கெல்லாம் சிரிக்கிறவள் நான். ஆனால் அந்த நிமிடம் சனி பகவான்மேல் எனக்கு வந்த பக்தியைச் சொல்லி மாளாது. ஏழரை ஆண்டுகள்! நான் ஒரு வார்த்தை பேச வேண்டாம், ஒருத்தர் வாயில் விழ வேண்டாம். நாத்தனாரால் ஜோசியர் வாக்கைத் தட்டவும் முடியாது.

அவர் பேச்சில்லாமல் உட்கார்ந்து நான் அன்றுதான் பார்த்தேன். முந்தானை நுனியைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்தார். பிறகு, "எனக்கு நாலாம் பாதம் இல்ல சாமி, மூணாம் பாதம்" என்றார்.

பூரட்டாதி நட்சத்திரத்தில் முதல் மூன்று பாதங்கள் கும்ப ராசி, நாலாம் பாதம் மட்டும்தான் மீனம். ஜோசியர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "மூணாம் பாதம்னா கும்பம். கும்பத்துக்கு இப்ப ஜென்மச் சனிம்மா. மீனத்தவிட பாரம் ஜாஸ்தி."

"இருந்துட்டுப் போவட்டும்" என்றார் நாத்தனார்.

திரும்பி வரும்போது ஆட்டோவிலேயே எனக்குப் பொறுக்கவில்லை. "என்ன அண்ணி இது? இத்தனை வருஷமா நாலாம் பாதம், நாலாம் பாதம்னு ஊரெல்லாம் சொன்னீங்களே!" என்று கேட்டேன். "எங்கம்மா சொன்னதச் சொன்னேன். அவளுக்கு எட்டுப் புள்ள. எது எப்பப் பொறந்துச்சின்னு அவளுக்கு இன்னா தெரியும்?" என்று ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிட்டார். எட்டுப் பிள்ளைகளின் ராசி, நட்சத்திரம், பாதம் எல்லாவற்றையும் என் மாமியார் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார் என்று பெருமையடித்ததும் இதே வாய்தான். எனக்கு அழுகை வந்தது, ஆத்திரத்தில். சனி பகவானே வந்து பிரித்துவைத்தாலும் பிரியாத பெண்மணியை நான் என்ன செய்வது?

ஜென்மச் சனிக்குப் பரிகாரமாக வாராவாரம் திருநள்ளாறு போவது என்று அவரே முடிவு செய்தார். சனிக்கிழமை விடிந்ததும் பையில் நல்லெண்ணெய்ப் பாட்டிலும் எள்ளும் வைத்துக்கொண்டு பஸ் பிடிக்கக் கிளம்பினால் விளக்கு வைத்த பிறகுதான் வருவார். எனக்குப் பள்ளி விடுமுறை. அந்தச் சனிக்கிழமைகளை நான் எப்படிச் சொல்வேன்! கதவைத் தாழிட்டதும் வீடே கால் நீட்டிக்கொண்டதுபோல் இருக்கும். காபியைப் போட்டு ஆற விட்டு, ஆறியதையே குடிப்பேன். ஏன் ஆறவிட்டாய் என்று கேட்க ஆளில்லை. தலையை விரித்துப் போட்டுக்கொண்டு பால்கனியில் என் கணவரின் நாற்காலியில் உட்காருவேன். மத்தியானம் தயிர்சாதத்தைச் சட்டியோடு சாப்பிடுவேன். ஒரு பக்கம் படித்துவிட்டு அரை மணி நேரம் சும்மா இருப்பேன். சில நேரம் என் கணவரை நினைத்து வாய்விட்டு அழுவேன், அதற்கும் தைலம் வராது. சாயங்காலம் நாத்தனார் வந்து மணி அடிக்கும்போது எனக்கு அவர்மேல் கோபமே இருக்காது.

அப்படி ஒரு சனிக்கிழமை வெற்றிலையும் கொஞ்சம் பூவும் வாங்கப் பெரிய மார்க்கெட்டுக்குப் போனேன். பூக்கடை வரிசையில் திரும்பியதும் அப்படியே நின்றுவிட்டேன். ஒரு பூக்காரம்மாவின் பக்கத்தில் கவிழ்த்த கூடைமேல் நாத்தனார் உட்கார்ந்து கனகாம்பரம் கட்டிக்கொண்டிருந்தார். மூட்டை தூக்கும் ஒருவர் கையை நீட்டி ஏதோ கேட்க, அவர் தலையை ஆட்டி ஆட்டிப் பலன் சொல்ல, சுற்றிலும் ஒரே சிரிப்பு. திருநள்ளாற்றுப் பை காலடியில் இருந்தது. நான் ஒரு தூணுக்குப் பின்னால் ஒதுங்கினேன். கொஞ்ச நேரத்தில் அவர் டீ வாங்க எழுந்து போனார். நான் போய்ப் பூ கேட்பதுபோல், "இந்தம்மா யாரு?" என்றேன்.

"அதுவா? சனிக்கெழம தவறாம வந்துடும்மா. அதோட தம்பி பொண்டாட்டிக்குத் தனியா இருந்தாத்தான் மனசுக்கு நல்லா இருக்குமாம். வாய் தொறந்து கேக்காதாம் அந்தப் பொண்ணு. நான் எழுந்து வந்துட்டா ஒரு நாளாவது நிம்மதியா இருக்கும்னு சொல்லும். இதுக்கு மட்டும் தனியா இருந்தா ஒதறல் எடுத்துடும். அதான் இங்க வந்து ஒக்காந்துக்கும்" என்றார் பூக்காரம்மா. "உனக்கு எவ்ளோ மொழம்?"

எவ்வளவு வாங்கினேன் என்று நினைவில்லை. வீட்டுக்கு வந்து பால்கனியில் உட்கார்ந்தேன். அன்றைய தனிமை தொண்டைக்குள் இறங்கவில்லை. கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தெரிந்திருக்கிறது, ஆரம்பத்திலிருந்தே தெரிந்திருக்கிறது! தெரிந்துகொண்டேதான் குளியலறை வாசலில் முக்காலி போட்டாரா? தனியாக இருக்கப் பயமாயிருக்கிறது என்று ஒரு வார்த்தை, ஒரே வார்த்தை சொல்லித் தொலைத்திருந்தால் என்ன? மீனத்தையும் கும்பத்தையும் நடுவில் இழுத்து, இல்லாத சனியைத் தலைமேல் ஏற்றி, அறுபது தாண்டிய வயதில் மார்க்கெட் கூடைமேல் நாள் முழுக்க உட்கார்ந்து… இப்படி ஒரு மனுஷியை என்ன சொல்லித் திட்டுவது என்று தெரியாமல் அழுதேன்.

சாயங்காலம் வந்தார். விபூதியை நீட்டினார். "நல்ல கூட்டம். கொளத்துல கால் வைக்க எடம் இல்ல." தலை, எண்ணெய் தேய்த்துக் குளத்தில் முழுகிய சுவடே இல்லாமல் காய்ந்து கிடந்தது. விரல் நுனியெல்லாம் கனகாம்பரச் சாயம். என் ஆத்திரம் தீரவில்லை. "அடுத்த வாரம் நானும் திருநள்ளாறு வரேன் அண்ணி" என்றேன்.

அவர் முகம் வெளுத்துவிட்டது. "நீ வராத! ஒரே ராசிக்காரங்க ரெண்டு பேர் சேந்து போயி சனீஸ்வரன் எதுர்ல நிக்கக் கூடாது!"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது. என்னைப் பார்த்தார். நான் விபூதியை நெற்றியில் பூசிக்கொண்டு, "சரி அண்ணி, நீங்களே போய்ட்டு வாங்க" என்றேன். அடுத்த சனிக்கிழமை இரண்டு பொட்டலம் புளிசாதம் கட்டிக் கொடுத்தேன். "எதுக்குடி ரெண்டு?" என்றார். "பக்கத்துல யாராவது பசியா இருப்பாங்க" என்றேன். இரண்டையும் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார். அதைப் பற்றி நாங்கள் பிறகு பேசவே இல்லை. குளியலறை வாசலில் முக்காலியும் அதன்பின் வரவில்லை.

போன மாதம் அவருக்கு நெஞ்சு வலி வந்தது. மகன் வந்து பெங்களூருக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். ஆபரேஷன் முடிந்திருக்கிறது. இனிமேல் அம்மா அங்கேயே இருக்கட்டும் என்கிறான். அவர் போனில், "இங்க பகல்ல ஒரு குஞ்சும் இல்லடி" என்று மட்டும் சொன்னார். குரல் பாதியாகிவிட்டிருந்தது. வீடு இப்போது முழுக்க என்னுடையது. காபி தினமும் ஆறுகிறது. தனிமை எனக்கு இன்றும் பிடிக்கத்தான் செய்கிறது, பொய் சொல்ல மாட்டேன். அந்தப் பெங்களூர்ச் சுவர்தான் ஞாபகத்துக்கு வந்து படிக்க விடாமல் செய்கிறது. மகனிடம் பேசிவிட்டேன். நடமாட ஆரம்பித்ததும் கொண்டுவந்து விடு, இங்கே நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். டாக்டர் என்ன சொல்கிறாரோ பார்ப்போம் என்கிறான்.

நேற்று சனிக்கிழமை. கோயில் வாசலை மிதித்துப் பல வருடம் ஆன நான், தேங்காய் பழத் தட்டோடு போய் நின்றேன். குருக்கள் யார் பெயருக்கு அர்ச்சனை என்று கேட்டார். நாத்தனாரின் பெயரைச் சொன்னேன். நட்சத்திரம் கேட்டார். பூரட்டாதி என்றேன்.

"எந்தப் பாதம்? கும்பமா, மீனமா?"

ஏழரை இன்னும் முடியவில்லை. மீனம் என்றால் அவர் திரும்பி வந்தாலும் எங்கள் இருவருக்கும் ஒரு கூரை ஆகாது.

"மூணாம் பாதம் சாமி. கும்பம்" என்றேன்.