டிலோனின் உறுமல்

நெடுந்தீவில் மின்சாரத்துக்கு எர்த் கம்பி நிலத்தில் இறக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், முழம் போகுமுன் கல் இடிக்கும். எர்த் சரியாகப் பிடிக்காததால்தான் எங்கள் கத்தோலிக்கக் கோயில் ஒலிபெருக்கி எந்நேரமும் ‘ம்ம்ம்’ என்று உறுமிக்கொண்டிருந்தது. கம்பியடியில் தண்ணீர் ஊற்றினால் அடங்கும். குடிதண்ணீருக்கே வரிசையில் நிற்கிற ஊரில் கம்பிக்கு யார் ஊற்றுவது?

அந்த உறுமலைத்தான் டிலோன் இசையாக்கினான். நான் அவனுக்கு அடுத்த வளவு. முதலில் கேட்டு அவதிப்பட்டவனும் நான்தான். கோயிலில் ஒலிபெருக்கி வேலை பார்த்த டிலோன், உறுமலைக் கைபேசியில் பதிந்து, பழைய கணினியில் இழுத்து நீட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினான். பிறகு தாளம் வேண்டுமென்று தகப்பன் குருசுமுத்தரின் படகு எஞ்சினைப் பதிந்து சேர்த்தான். மெட்டும் இல்லை, ஒரு சொல்லும் இல்லை. ‘உறுமல்’ என்று பெயர் வைத்து இணையத்தில் ஏற்றிவிட்டான்.

அதற்கும் ஆட்கள் இருந்தார்கள், பாருங்கள். அனலைதீவில் தேனுஜன் என்றொருவன் தோட்டத்துத் தண்ணீர் மோட்டரை வைத்துத் தன் உறுமலைச் செய்தான். கனடாவிலிருக்கும் எங்கள் ஊர்ப் பெட்டை ஒருத்தி பனி தள்ளும் இயந்திரத்தை வைத்துச் செய்தாள். அவரவர் வீட்டுச் சத்தத்தில்தான் செய்ய வேண்டும் என்பது சட்டம்போல் ஆகிவிட்டது.

டிலோனுக்கு அதெல்லாம் பெரிதில்லை. தகப்பன் ஒருமுறை கேட்க வேண்டும், அவ்வளவுதான். குருசுமுத்தருக்கோ வருடக்கணக்காக எஞ்சினடியில் இருந்து இருந்தே செவி போய்விட்டது. பூசையில் மற்றவர்கள் எழும்புவதைப் பார்த்துத்தான் எழும்புவார். பாடகர் குழு அவருக்கு வெறும் வாயசைப்பு. மகன் ஹெட்போனை மாட்டிவிட்டால், “உனக்கு வேற வேலை இல்லையோ?” என்று கழற்றி வைத்துவிடுவார். இருவரையும் பார்க்க எனக்குப் பாவமாக இருக்கும்.

இந்த வருடத் திருநாளுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து ஆளுயர ஒலிபெருக்கிப் பெட்டிகள் படகில் வந்தன. திருநாளுக்கு முதல்நாள் பின்னேரம், சோதித்துப் பார்க்கிற சாட்டில் டிலோன் உறுமலைப் போடப் போனான்.

“சுவாமியார் கண்டாரெண்டால் உன்னைக் கோயில் பக்கமும் அண்டவிடமாட்டார்,” என்றேன்.

“ஒருக்கா அண்ணை. அப்பா கரையிலைதான் நிக்கிறார்.”

போட்டான். என் பல்லெல்லாம் அதிர்ந்தது.

கரையில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்த குருசுமுத்தர் நிமிர்ந்தார். நெஞ்சைத் தடவிப் பார்த்தார். பிறகு விறுவிறென்று தண்ணீரில் இறங்கி, தன் படகின் எஞ்சின் மூடியில் கையை வைத்தார். ஓடவிட்டுவிட்டு வந்துவிட்டோம் என்று நினைத்திருக்கிறார். எஞ்சின் குளிர்ந்து கிடந்தது. கோயில் பக்கம் திரும்பிப் பார்த்தார். நனைந்த சாரத்தோடு பெட்டியடிக்கு வந்து நின்றார்.

“இது என்ர எஞ்சினல்லோ?”

டிலோன் பயத்தோடு தலையாட்டினான்.

“பிளக் பழுதாக் கிடந்த நேரத்துச் சத்தம். இப்ப மாத்திப்போட்டன்.”

டிலோனுக்குக் கண் நிறைந்துவிட்டது. குருசுமுத்தர் ஒரு கதிரையை இழுத்துப் போட்டுப் பெட்டிக்கு முன்னால் இருந்தார்.

அதற்குள் சுவாமியார் வெளியே வந்து, நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினார். டிலோனும் நிறுத்தத்தான் போனான். குருசுமுத்தர் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

“கொஞ்சம் பொறுங்கோ சுவாமி. கோயிலிலை எனக்குக் கேக்கிற பாட்டு இது ஒண்டுதான்.”

சுவாமியார் கையை இறக்கினார். தானும் ஒரு கதிரையை எடுத்து அவருக்குப் பக்கத்தில் போட்டார்.