பன்னிரண்டு பேர் தூக்கிய கடை

காலை 10.20, மீஞ்சூர் ரயில் நிலையம். காட்டுப்பள்ளியில் நிற்கும் சரக்குக் கப்பலிலிருந்து ஒரு நாள் விடுப்பில் நெஸ்டர் வந்திருந்தான். பிலிப்பைன்ஸ்காரன். எட்டாவதோடு படிப்பை விட்டு நான் சுற்றித் திரிந்த காலத்தில், ஒரு கப்பல் சமையலறையில் இரண்டு வருடம் அவனோடு வெங்காயம் உரித்திருக்கிறேன். "உன் ஊரைக் காட்டு" என்றான். எனக்கு ஊர் என்று இருப்பது புதுவாயலில் ஒரு வாடகை அறை. வா என்றேன். நாங்கள் பேசுவது கப்பலில் பழகிய அரைகுறை ஆங்கிலம். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

கவரப்பேட்டையில் இறங்கி ஷேர் ஆட்டோ, தலைக்கு இருபது ரூபாய்.

11.30, புதுவாயல் கூட்டுரோடு. என் அறைச் சாவி மல்லிகாக்காவின் டீக்கடையில்தான் இருக்கும். அடுப்பு அணைந்திருந்தது. அக்கா தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். சாலையை அகலப்படுத்துகிறார்களாம், மூன்று மணிக்குப் பொக்லைன் வருமாம். எதிரே மூடிக்கிடக்கும் அரிசி ஆலைச் சுவரோரம் வேறு இடம் கிடைத்துவிட்டது. கடையைக் கொண்டுபோக வழியில்லை.

"பிரிச்சா தகரம் பொலபொலனு கொட்டிடும்பா. கிரேன்காரன் பாத்துட்டு, கொக்கி மாட்னா நசுங்கிடும்னு பூட்டான். எடத்தோட கடையும் பூடுச்சுன்னா நான் இன்னா பண்ணுவேன்?"

நெஸ்டரிடம் சொன்னேன். அவன் குனிந்து கடைக்கு அடியில் பார்த்தான். செங்கல் மேல் நிற்கும், ஆறடிக்கு ஆறடித் தகரப் பெட்டி.

"தூக்கலாம்" என்றான். "எனக்கு ஏழு வயதில் எங்கள் வீட்டையே தூக்கினார்கள். ஆறு கரையை அரித்துக்கொண்டு வந்தது. தரையில் படாமல் மரக்கால்கள் மேல் நிற்கும் மூங்கில் வீடு. அடியில் கழிகளைக் கட்டி ஊரே தோள் கொடுத்தது. கூலி கிடையாது. வீட்டுக்காரி தூக்கக் கூடாது, சமைக்க வேண்டும். அம்மா இஞ்சி போட்டுக் கோழிக் கஞ்சி வைத்தாள். மிச்சக் கோழிகள் சாயங்காலம் பழைய இடத்துக்கே போய் வீட்டைத் தேடி நின்றன. ஒரு வாரம் அவற்றை ஓட்டி வருவதுதான் என் வேலை."

பக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த கட்டடத்தில் சவுக்குக் கழிகள் இரவல் வாங்கிக் கடைக்கு அடியில் கட்டினோம். ஆட்டோக்காரர் ஏழுமலை சிரித்தார். "இன்னா நைனா, உன் ஃப்ரெண்டு படம் காட்றாரா?" சிரித்துக்கொண்டே சட்டையைக் கழற்றினார். லாரி கிளீனர்கள், வேலையில்லாத ஒடிசாப் பையன்கள் என்று பன்னிரண்டு பேர் சேர்ந்தோம்.

அக்காவும் கழியைப் பிடித்தார். "என் கடைய நான் தூக்காம எவன் தூக்குவான்?"

"நீ சோறாக்கணும்க்கா. அவங்க ஊர்ல அதான் ரூலு."

"பொம்பளைக்கு எந்த ஊர்லயும் அதான்டா ரூலு" என்று வெங்காயம் நறுக்கப் போனார்.

2 மணி. நெஸ்டர் முன்னால் நின்று, பின்பக்கமாக நடந்தபடி "ஹோய், ஹோய்" என்று அடி சொன்னான். தோள் எரிந்தது. உள்ளே பாட்டில்கள் குலுங்கின. சர்வீஸ் ரோட்டில் ஒரு லாரி ஹாரன் அடிக்காமல் நின்றது. சுவரோரம் இறக்கி வைத்துக் கைதட்டினோம்.

அக்கா கரண்டியோடு வந்தார். "யோவ், செவுத்துக்கா டீ விக்கப்போறேன்?"

கடையின் வாய் சுவரைப் பார்த்திருந்தது. நெஸ்டரின் ஊரில் வீட்டுக்கு நாலு பக்கமும் வெளி. வாசல் எங்கே திரும்பினாலும் வீடு வீடுதான். அந்த நினைப்பில் விட்டுவிட்டான். மறுபடி தூக்கித் திருப்பினோம். ஒரு மூலையில் தகரம் கிழிந்தது. மற்றதெல்லாம் நின்றது.

பொக்லைன் வந்தபோது பழைய இடத்தில் செங்கல் மட்டும்தான். நாங்கள் தக்காளிச் சோறு தின்றுகொண்டிருந்தோம். அக்கா மட்டும் சாப்பிடவில்லை. "கடை வந்துட்ச்சு. ஆளுங்க வருவாங்களா?"

5.30. ஏழுமலையின் ஆட்டோவில் ரயில் நிலையத்துக்குக் கிளம்பினோம். ஷிப்ட் முடிந்த தொழிலாளிகள் ஏழெட்டுப் பேர், தூக்குவாளியோடு, தோண்டிப் போட்ட பழைய இடத்தில் திகைத்து நின்றார்கள். நெஸ்டர் ஆட்டோவை நிறுத்தச் சொல்லிக் குதித்தான். அவனுக்குத் தமிழும் தெரியாது, இந்தியும் தெரியாது. இரண்டு கைகளையும் அகல விரித்து, "ஷூ, ஷூ" என்று அவர்களை அரிசி ஆலைப் பக்கம் தள்ளிக்கொண்டு போனான். அவர்களும் சிரித்துக்கொண்டே போனார்கள்.

"இன்னா பண்றாரு அவரு?" என்றார் ஏழுமலை.

"கோழி ஓட்டுறான்" என்றேன்.