காலியாகப் போகாத டாக்ஸி

தென்காசி பஸ் ஸ்டாண்டில் நாங்கள் இறங்கியபோது மணி ஒன்பது பத்து. பத்து மணிக்கு நான் ஐந்தருவிக்குப் போகிற சாலையில் இருந்த ஒரு பள்ளிக்கூடத்தில், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு முன்னால் கையில் சாக்பீஸோடு நிற்க வேண்டும். கணக்கு டீச்சர் வேலைக்கான மாதிரி வகுப்பு. பத்து மணிக்கு மேல் வருகிறவர்களைச் சேர்த்துக்கொள்ள மாட்டோம் என்று அழைப்புக் கடிதத்தின் கடைசி வரி தடித்த எழுத்தில் சொன்னது. அந்த வரியை அம்மாவுக்கு மூன்று முறை வாசித்துக் காட்டியிருந்தேன்.

அம்மாவுக்கு எழுத்து தெரியாது. அப்பாவுக்குத் தன் பெயரை மட்டும் எழுதத் தெரியும். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். பி.எஸ்சி., பி.எட். என்று பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்வதில் எனக்குள்ள ஆசையை மறைக்க மாட்டேன். தெருவிளக்கு எரியவில்லை என்று கொடுத்த மனுவில்கூடப் போட்டிருக்கிறேன்.

திருவேங்கடத்துக்குப் பக்கத்தில், மழையைப் பார்த்துக்கொண்டே பருத்தியும் சோளமும் போடுகிற ஊர் எங்களுடையது. விடியும்போதே கிளம்பியும், சங்கரன்கோவிலில் மாறி ஏறிய பஸ் கடையநல்லூரைத் தாண்டியதும் சீசன் கூட்டத்தில் மாட்டிக்கொண்டது. குற்றாலத்தில் தண்ணீர் நன்றாக விழுகிறதாம். வேன் வேனாக ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். தென்காசியில் இறங்கியதும் முகத்தில் பன்னீர் தெளித்ததுபோல் சாரல் விழுந்தது. வெயிலும் அடித்தது.

“இது என்ன மழைடி, பெய்யுதா பெய்யலையான்னே தெரியல” என்று அம்மா வானத்தைப் பார்த்தபடி நின்றுவிட்டாள். எனக்கோ கண்ணெல்லாம் கடிகாரத்தில்.

குற்றாலம் போகிற டவுன் பஸ் வந்தது. படிக்கட்டில் தொங்கியவர்களின் கையில் வாளியும் சோப்பு டப்பாவும். ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு முட்டிப் பார்த்தேன், ஏற முடியவில்லை. அடுத்த பஸ்ஸும் அப்படியே. என் சேலை கஞ்சி போட்டுத் தேய்த்த காட்டன், இளநீல நிறம். இந்த நாளுக்கென்றே எடுத்தது.

மணி ஒன்பது இருபது. அப்போதுதான் சாலைக்கு எதிர்ப்பக்கம், மஞ்சள் நம்பர் பிளேட்டோடு வரிசையாக நின்ற வெள்ளைக் கார்களைப் பார்த்தேன்.

“அம்மா, டாக்ஸி பிடிப்போம்.”

“காரா? யாருக்கு மேலுக்கு முடியல?” என்றாள் அம்மா.

அவள் கேட்டதில் தப்பில்லை. எங்கள் ஊருக்குள் வாடகைக் கார் வந்தால் யாருக்கோ உடம்பு முடியவில்லை, அல்லது யாருக்கோ கல்யாணம். இரண்டும் இல்லாமல், ஒரு பெண் தானாகக் கை காட்டிக் காரில் ஏறியதாக எங்கள் ஊர்ச் சரித்திரத்தில் இல்லை. அந்தச் சரித்திரத்தை நான் மாற்றப்போகிறேன் என்ற நினைப்பே எனக்குள் குறுகுறுவென்று ஓடியது. சாலையைக் கடக்கும்போது நடையே மாறியிருக்க வேண்டும்.

காரைத் துடைத்துக்கொண்டிருந்த டிரைவருக்கு ஐம்பது வயது இருக்கும். நெற்றியில் விபூதி. “அண்ணாச்சி, டாக்ஸி வருமா?” என்றேன். அந்த வார்த்தையை வாயால் சொல்லிப் பார்க்கவே ஆசையாக இருந்தது. பள்ளிக்கூடத்தின் பெயரையும் சொன்னேன். வாடகையை அவர் சொன்னார், நான் கொஞ்சம் குறைத்தேன், பேசி முடித்தோம்.

“பத்துக்குள்ள போணும் அண்ணாச்சி.”

“இலஞ்சி வழியா விட்டா போயிரலாம் தாயி. மெயின் அருவிப் பக்கம் போனா மாட்டிக்கிடுவோம். ஏறுங்க.”

அம்மா என்னை முன் சீட்டில் உட்காரச் சொன்னாள். “வேலைக்குப் போறவ நீதான. நீ முன்னாடி இரு” என்று தான் பின்னால் ஏறினாள். கதவை அவள் மெதுவாகச் சாத்த, அது சரியாக மூடவில்லை. இரண்டாவது முறை ஓங்கி அடித்தாள். டிரைவர் அண்ணாச்சி கண்ணை மூடித் திறந்தார்.

கார் கிளம்பியது. கண்ணாடியை இறக்கும் பொத்தானை அழுத்தினேன். சாரல் உள்ளே வந்தது. ஏற்றினேன். மறுபடி இறக்கினேன். எதிரே மலை முழுக்க மேகம். நாங்கள் போகப் போக அது பக்கத்தில் வந்தது. இரண்டு பக்கமும் பச்சை வயல். ஊரில் யாராவது பார்க்க வேண்டுமே என்று நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன். என் வாழ்க்கையில் முதல்முறையாக நான் சொன்ன இடத்துக்கு, நான் சொன்ன நேரத்துக்கு ஒரு வண்டி போய்க்கொண்டிருந்தது.

இலஞ்சியைத் தாண்டியதும் அம்மா டிரைவரின் தோளைத் தட்டினாள்.

“அண்ணாச்சி, செத்த நிப்பாட்டுங்க.”

என்னவோ ஏதோ என்று அவரும் நிறுத்திவிட்டார். சாலையோரம் மூன்று பெண்கள் கையில் துணிப்பையோடு நடந்துகொண்டிருந்தார்கள். தலையிலும் கையிலும் நல்லெண்ணெய் பளபளத்தது. அம்மா கண்ணாடிக்கு வெளியே தலையை நீட்டி, “எங்க தாயி போறீய?” என்றாள்.

“ஐந்தருவிக்கு. ஆட்டோ ஒண்ணும் நிக்க மாட்டேங்குது.”

“நாங்களும் அங்கனதான் போறோம். ஏறுங்க.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் ஊர் வழக்கம் அது. கார் ஒன்று ஊரிலிருந்து கிளம்பினால் ஒரு சீட்டும் காலியாகப் போகாது. ஆஸ்பத்திரிக்குப் போகிற காராக இருந்தாலும், திருவேங்கடத்தில் மருந்து வாங்க வேண்டியவர், கோவில்பட்டி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர் எல்லாரும் ஏறிக்கொள்வார்கள். இடம் இருந்தும் ஏற்றாமல் போனால் அந்த வீட்டோடு பேச்சுவார்த்தையே நின்றுவிடும்.

“அம்மா, இது டாக்ஸி. நமக்குன்னு பேசின வண்டி” என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு.

“ஆமா, நமக்குத்தான் பேசியிருக்கு. அதான் நான் ஏறச் சொல்லுதேன்.”

“சீட்டுல எண்ணெய் படும்மா” என்றார் டிரைவர். “நாளைக்குக் கல்யாண ஆர்டர் கெடக்கு எனக்கு.”

“துண்டை விரிச்சு உக்காந்துக்கிடுதோம் அண்ணாச்சி” என்று மூவரில் மூத்தவர் அதற்குள் கதவைத் திறந்துவிட்டார். கனத்த உடம்பு. மற்ற இருவரும் அவருடைய தங்கைகள். பின்சீட்டில் நான்கு பேர் நெருக்கியடித்து உட்கார்ந்து, கதவு மூன்றாவது அடியில் மூடியது. கார் முழுக்க எண்ணெய் வாசனை. மணி ஒன்பது முப்பத்தெட்டு.

நான் திரும்பிப் பார்க்கவே இல்லை. பின்னால் ஐந்து நிமிடத்துக்குள் அவர்கள் கடையத்திலிருந்து வந்ததும், தென்காசியில் சித்தி வீட்டில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு கிளம்பியதும் தெரிந்துவிட்டது. என் படிப்பு, மார்க், கடிதத்தின் கடைசி வரி உட்பட எல்லாவற்றையும் அம்மா சொல்லிவிட்டாள்.

“கணக்கு டீச்சரா?” என்றார் மூத்தவர். “எனக்குக் கணக்குன்னாலே வயித்தக் கலக்கும். நல்லா வரும் தாயி, போ” என்று பின்னாலிருந்து என் தோளில் கை வைத்து ஓர் அழுத்து அழுத்தினார்.

கையை எடுத்த பிறகு பார்த்தேன். இளநீலச் சேலையின் தோள்பட்டையில் ஐந்து விரலும் உள்ளங்கையும் அப்படியே பதிந்திருந்தன. அழுகை முட்டியது. அழுதால் கண்மை கரையும் என்பதால் மட்டுமே அடக்கிக்கொண்டேன்.

அடுத்த வளைவில் கார் நின்றது. முன்னால் ஒரு டூரிஸ்ட் வேன் பாதிச் சாலையை அடைத்தபடி நின்றது. மீதிப் பாதியில் எதிரே வந்த ஜீப் மூக்கை நுழைத்திருந்தது. வேனுக்குள் டிரைவர் இல்லை. அண்ணாச்சி ஹாரன் அடித்தார். எங்களுக்குப் பின்னாலும் வண்டிகள் சேர்ந்து, அவையும் ஹாரன் அடித்தன. யாரும் வரவில்லை.

“இன்னும் எவ்வளவு தூரம்?” என்றேன்.

“ஒண்ணரை கிலோமீட்டர் இருக்கும். நடந்தா முடியாது தாயி.”

ஒன்பது நாற்பத்தாறு. பின்கதவு திறந்தது. மூன்று சகோதரிகளும் இறங்க, அம்மாவும் இறங்கினாள். மூத்தவர் நேரே போய் வேனின் தகரத்தில் பட்பட்டென்று அறைந்தார்.

“எவம்லே இந்த வண்டிக்கு டிரைவரு?”

டீக்கடையிலிருந்து, கையில் கிளாஸோடு ஒருவன் எட்டிப் பார்த்தான். “என்னக்கா, அருவி எங்கயும் ஓடிப்போகாது. செத்த பொறுங்க.”

“அருவி ஓடாதுலே. பத்து மணி ஓடிரும். பிள்ளைக்கு இன்டர்வியூ. வண்டிய எடு.”

“நீங்க அவளுக்கு அம்மாவா?”

“ஆமாலே, நாலு அம்மா நிக்கோம். எடுக்கியா, நாங்களே தள்ளிவிடவா?”

டீக்கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். “எடுத்துருப்பா, தள்ளினாலும் தள்ளிருவாக” என்றார் ஒருவர். அவன் டீயை அப்படியே வைத்துவிட்டு ஓடிவந்தான். இளைய தங்கை சாலை நடுவில் நின்று ஜீப்பைப் பின்னால் போகச் சொல்லிக் கை காட்டினாள், போலீஸ்காரர் மாதிரி. அம்மா தன் பங்குக்கு வேன் டிரைவரிடம், “பாத்து, பாத்து எடு ராசா” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். வழி திறந்தது. நால்வரும் ஓடிவந்து ஏற, கதவு இந்த முறை ஒரே அடியில் மூடியது. நான் திரும்பிப் பார்த்தேன். நால்வருக்கும் மூச்சு வாங்கியது, சிரிப்பும் வந்தது. எனக்கும்தான்.

அம்மாவுக்கு எந்தப் பஸ்ஸின் போர்டும் வாசிக்கத் தெரியாது. நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அவள் போன இடமெல்லாம் யாராவது ஒருவரிடம் கேட்டு, யாராவது ஒருவர் கையைப் பிடித்து ஏற்றிவிட்டுப் போன இடங்கள். காலி சீட்டோடு நடக்கிறவர்களைத் தாண்டிப் போக அவளால் முடியாது என்பது எனக்கு அந்த ஒன்றரை கிலோமீட்டரில்தான் உறைத்தது.

பள்ளிக்கூட வாசலில் இறங்கியபோது ஒன்பது ஐம்பத்தைந்து. சகோதரிகளை அருவியில் விட்டுவிட்டு அம்மாவோடு திரும்பி வருவதாக அண்ணாச்சி சொன்னார். நான் ஓடினேன்.

தலைமை ஆசிரியை மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். பார்வை தோளில் நின்றது. எண்ணெய் வாசனைக்கு மூக்கை லேசாக உறிஞ்சினார்.

“அருவிக்குப் போயிட்டு வாறீங்களா?”

“இல்ல மேடம். டாக்ஸியில வந்தேன்.”

அதைச் சொன்ன குரலில் எவ்வளவு பெருமை இருந்ததோ, அவர் சட்டென்று சிரித்துவிட்டார்.

வகுப்பில் ஒருமாறிச் சமன்பாடு. தராசுப் படம் வரைந்து தொடங்குவதாக ஒரு வாரம் ஒத்திகை பார்த்திருந்தேன். பலகையின் முன்னால் நின்றதும் தராசு மறந்துபோயிற்று. “ஒரு டாக்ஸியில் டிரைவரோடு சேர்த்துச் சில பேர் போறாங்க” என்று என் வாய் தொடங்கிவிட்டது. “எத்தனை பேர்னு தெரியாது. வழியில் மூணு பேர் ஏறுதாங்க. இப்போ மொத்தம் ஆறு பேர்.”

கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி எழுந்தாள். “மிஸ், ஆறு பேர் ஏத்தினா போலீஸ் பிடிக்கும்.”

“பிடிக்கட்டும். முதல்ல எத்தனை பேர் இருந்தாங்க, அதைச் சொல்லு.”

வகுப்பே சிரித்தது. பத்துக் கைகள் உயர்ந்தன. பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்த தலைமை ஆசிரியையும் எதையோ குறித்துக்கொண்டார். அதே வேலைக்கு வந்திருந்த மற்ற இரண்டு பேரின் வகுப்புகளும் முடிந்த பிறகு என்னை அறைக்குள் கூப்பிட்டு, “திங்கக்கிழமை வந்து சேர்ந்துக்கோங்க. டாக்ஸி வேண்டாம், பஸ்ஸே வரும்” என்றார்.

வெளியே அம்மா முன் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். அண்ணாச்சியின் மூத்த மகள் காலேஜில் என்ன படிக்கிறாள் என்பது வரை கேட்டு முடித்திருந்தாள். நான் சொன்னதும் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். பிறகு அண்ணாச்சியிடம், “வண்டியை அருவிக்கு விடுங்க. அவுகளுக்குச் சொல்லணும்லா” என்றாள்.

ஐந்தருவியில் பெண்கள் குளிக்கும் பக்கம் எங்கு பார்த்தாலும் தலை. எல்லாரும் நனைந்து, எல்லாரும் ஒரே மாதிரி இருந்தார்கள். அதில் மூன்று பேரை எங்கே தேடுவது? அம்மா யோசிக்கவே இல்லை. ஈரப் படியின் விளிம்பில் நின்று, பருத்திக் காட்டில் வேலை செய்கிறவர்களைக் கூப்பிடுகிற அதே குரலில் கத்தினாள்.

“ஏ தாயி, வேலை கிடைச்சிட்டு.”

தண்ணீர் இரைச்சலுக்குள்ளும் இருபது முப்பது பேர் திரும்பினார்கள். என்ன வேலை, யாருக்கு என்று தெரியாமலே சிலர் கை தட்டினார்கள். அவர்களுக்கு நடுவிலிருந்து முகத்தை வழித்துக்கொண்டு மூத்த சகோதரி வந்தார். “நான்தான் சொன்னேன்லா” என்றவர் என் தோளைப் பார்த்துவிட்டார். “ஐயோ, இது என் கையா?”

“உங்க கைதான்” என்றேன்.

“அப்ப அதைக் கழுவிருவோம். வா.”

பின்னாலேயே வந்திருந்த அண்ணாச்சி, பெண்கள் பக்கத்துக்கு முதுகைக் காட்டி நின்றபடி கையைப் பின்னால் நீட்டினார். ஃபைலை அவரிடம் கொடுத்தேன். “நனையாம வச்சிருங்க அண்ணாச்சி” என்று சொல்லி முடிப்பதற்குள் என் ஒரு கையை அம்மாவும் இன்னொரு கையை மூத்த சகோதரியும் பிடித்து இழுத்துவிட்டார்கள். கஞ்சி போட்ட சேலையோடு, பி.எஸ்சி., பி.எட்., நான் தண்ணீருக்குள் போனேன்.

எண்ணெய்க் கறை போகவில்லை. அந்தச் சேலையைத்தான் திங்கட்கிழமையும் கட்டிக்கொண்டு போனேன்.