கேப்டன் பார்த்த கால்கள்

செருப்புக் கடைக்குள் யார் நுழைந்தாலும் அங்கே விற்பனைக்கு நிற்கும் பெரியவர் அவர்கள் முகத்தைப் பார்ப்பதில்லை; நேரே காலுக்குப் போய்விடுவார். "எட்டாம் நம்பரா? எவன் சொன்னான்? ஒன்பது போடுங்க. அழகுக்கு நடக்கிறீங்களா, போய்ச் சேர நடக்கிறீங்களா?"

விலை உயர்ந்த ஜோடி அலமாரிக்கே திரும்பும். "மாமா, நீங்க நம்ம கடைக்கு ஆளா, எதிர்க்கடைக்கா?" என்பார் முதலாளி. முதலாளி இவருடைய அக்கா மகன் என்பதால் வேலை தப்பித்திருக்கிறது.

கால்சட்டைப் பையில் எந்நேரமும் ஒரு ஜோடி உலர்ந்த சாக்ஸ். தெருவில் அவருக்குப் பெயரே 'சாக்ஸ்'தான்.

இந்தக் கால் பைத்தியம் பிடித்தது போர்முனையில். அவருடைய காலாட்படை கேப்டன், சாயங்காலமானால் முப்பத்திரண்டு பேரையும் பூட்ஸ் கழற்ற வைத்து, மாட்டுத் தரகர் பல் பார்ப்பதுபோல விரல் இடுக்கு விரல் இடுக்காகப் பார்ப்பார். நாற்றத்துக்கு மட்டும் ஒரு கை மூக்கில் இருக்கும். ஒருநாள் சாக்ஸ் மட்டும் காலைக் காட்டாமல் பக்கத்துப் படைக் கூடாரத்துச் சீட்டாட்டத்தில் ஒளிந்துகொண்டார். மறுநாள் பின்வாங்கச் சொல்லி உத்தரவு வந்தது. குதிகாலில் கொப்புளம் உடைந்து அவர் பாதி வழியில் விழுந்தார். கேப்டன் திரும்பி வந்தார். அவரைத் தூக்கி வண்டியில் போட்டார். தான் ஏறுமுன் குண்டு பட்டது.

பூங்காவில் நிற்கும் கேப்டன் சிலை எதிரியை நோக்கி விரல் நீட்டுகிறது. அந்த விரலால் புறாக்களுக்கு நல்ல வசதி. ஆண்டுதோறும் அதன் அடியில் நினைவு நாள் கூட்டம். 'முன்னேறுங்கள் எனக் கர்ஜித்தார்' என்று விழாக்குழுச் செயலாளர் எழுதித் தருவதைச் சாக்ஸ் வாசிப்பார். பின்வாங்கியதாகச் சொன்னால் சிலைக்கு மரியாதை இல்லையாம். கொப்புளக் கதை வெளியே வராதது சாக்ஸுக்கும் சௌகரியமாகத்தான் இருந்தது.

இந்த ஆண்டு முதல் தடவையாகக் கேப்டனின் மகள் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். அப்பா போனபோது அவருக்கு இரண்டு வயது. மேடையேறிய சாக்ஸ் வழக்கம்போலக் காலைப் பார்த்தார். புது ஷூ. உள்ளே சாக்ஸ் போடாத வெறுங்கால். ஷூ விளிம்பு உரசிக் குதிகால் சிவந்து தோல் உரிந்திருந்தது.

காகிதத்தை மடித்தார்.

"உங்கப்பா கர்ஜிக்கலம்மா. சளி பிடிச்ச குரல். 'கழுதை, கொப்புளத்தை ஏன்டா காட்டல'ன்னு திட்டிக்கிட்டேதான் தூக்கினாரு. காட்டாம ஒளிஞ்சவன் நான்தான். முப்பத்திரண்டு பேரும் உயிரோட வந்தோம். கால் பார்த்த ஆளு மட்டும் வரல."

செயலாளர் இருமினார். மைக் செத்தது.

சாக்ஸ் கீழே இறங்கி, முழங்கால் சடசடக்க முன்வரிசையில் மண்டியிட்டு, பையிலிருந்த ஜோடியை எடுத்தார். தலை நிமிரவில்லை. மகள் வெகுநேரம் அந்த நரைத்த தலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குனிந்து, ஷூவைக் கழற்றி, காலை அவர் பக்கம் நீட்டினார்.