முத்துமாரி அக்காவும் ஆறாவது மெஷினும்

முத்துமாரி அக்கா மஞ்சள் காமாலையில் இறந்துவிட்ட செய்தி, எங்கள் மதுரை அலுவலகத்தின் வாட்ஸ்அப் குழுவில்தான் வந்தது. அடுத்தடுத்துக் கைகூப்பும் படங்கள். முதல் படம் மேனேஜருடையது. அக்காவை வேலையைவிட்டு அனுப்பிய அதே மனிதர். பிறகு நானும் ஒரு படம் போட்டேன்.

அக்காவுக்கு எம்.ரெட்டியபட்டி. பருத்திக்காட்டுக்குக் கூலிக்குப் போனவர்களின் மகள். எனக்கு மல்லாங்கிணறு, அவர் வரும் பஸ்ஸில் காரியாபட்டியில் ஏறிக்கொள்வேன்.

புதிதாக எழுதிய மென்பொருளைத் தொகுத்துச் சோதிக்க எங்களிடம் ஆறு கணினிகள். பில்டு மெஷின் என்போம். ஒவ்வொன்றிலும் தானாக ஓடும் சோதனை ஸ்கிரிப்டுகளை அமைப்பது அக்காவின் பொறுப்பு. ஒன்றில் செய்ததை மற்றதில் அப்படியே நகலெடுத்துப் போடப் போனால் அதட்டுவார். "ஏலே, வெத ஒண்ணுதான். ஆறு காடும் ஒண்ணா? ஒவ்வொண்ணா பாத்துப் போடு."

ஒருமுறை, வாடிக்கையாளருக்கு மென்பொருளை அனுப்பும் நேரத்தில், ஆறாவது மெஷினில் மட்டும் சோதனை தோற்றது. அது பழைய ரகம். வாடிக்கையாளரிடம் இருந்ததும் அதே ரகம்தான்.

"அந்த மெஷினச் சோதனைப் பட்டியல்லருந்து எடுத்துருங்க" என்றார் மேனேஜர்.

"நா எடுக்க மாட்டேன் சார். அது பொய்யில்லையா?" என்றார் அக்கா.

மறுநாள் ஊரில் மாரியம்மன் பொங்கல் என்று லீவில் போனார். அவசரத்துக்கு இருக்கட்டும் என்று தம் பாஸ்வேர்டை என்னிடம் நம்பிக் கொடுத்திருந்தார். மேனேஜர் என் பக்கம் திரும்பினார். பட்டியலை மாற்றும் அனுமதி அக்காவுக்குத்தான் இருந்தது; நான் அவர் பெயரிலேயே உள்ளே போய் ஆறாவது மெஷினை நீக்கினேன். மீதி ஐந்தும் சோதனையில் தேறிப் பச்சை காட்டின.

வாடிக்கையாளரிடம் போன மென்பொருள் முடங்கியது. விசாரித்தால், நீக்கியவர் என்ற இடத்தில் அக்காவின் பெயர். ஊரிலிருந்தே செய்திருப்பார் என்று முடிவு கட்டினார்கள். மேனேஜர் வாய் திறக்கவில்லை. நானும்தான்.

வேலை போன அன்று அக்கா படிக்கட்டில் என்னை நிறுத்தினார். "ஏலே, நீதான?"

தலை குனிந்தேன்.

"சரி, விடு. ஒனக்குப் புள்ள பொறந்து மூணு மாசந்தான் ஆகுது" என்று இறங்கிப் போனார். அந்த மன்னிப்பையும் வாங்கிக்கொண்டேனே, அவ்வளவுதான் என் லட்சணம். அதற்குப்பின் எந்தக் கம்பெனியும் அவரை எடுக்கவில்லை. அருப்புக்கோட்டைக் கடையொன்றில் விண்ணப்பம் டைப் அடித்துக் காலம் தள்ளினார்.

மாலை வாங்கிக்கொண்டு துக்கத்துக்குப் போனேன். அவருடைய அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கூட வேல பாத்தவுக நீங்க. எம்மக என்னமோ திருட்டுத்தனம் பண்ணிட்டாள்னு ஊரே பேசுச்சு. அவ பண்ணிருப்பாளா தம்பி?"

"இல்லம்மா. பண்ணுனது நாந்தேன்" என்றேன், கூடியிருந்தவர்கள் எல்லாருக்கும் கேட்கும்படி.

அம்மா என் கையை விட்டார். "அந்த மாலையப் போடாதீக" என்று மட்டும் சொன்னார்.

மாலையோடு பஸ் ஏறினேன். அக்கா, பழி இன்று என் பெயருக்கு வந்துவிட்டது. நீங்கள் இருக்கும்போதே வந்திருக்க வேண்டும். போய் வாருங்கள்.